டபுள் ஏ சார்ஜரில் டி செல்

டபுள் ஏ சார்ஜரில் வயர் இழுத்து, டார்ச்சுக்கான பெரிய டி செல்லை ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய ஒரு வகை) செல் என்றால் ஏற்றலாம். அளவு எதுவானாலும் 1.2 வோல்ட்தான். டி செல் ஹோல்டர் வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து சார்ஜர் தகடுகளில் சால்டர் செய்யுங்கள். செல் மேலேயே ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே சீல் கெடும்.

சிக்கல் நேரம்தான். உங்கள் சார்ஜர் தருவது 200 மில்லிஆம்பியர். 10,000 மில்லிஆம்பியர்-மணி செல் நிரம்ப 60, 70 மணி நேரம் பிடிக்கும். டைமர் இருந்தால் பாதியிலேயே நிறுத்திவிடும், மறுபடி போட வேண்டும்.

அப்புறம், செல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் என்றால் 150 கிராமை ஒட்டி இருக்கும். மலிவான பலவற்றில் உள்ளே ஒளிந்திருப்பது சின்ன செல்தான்! லித்தியம் செல்லை மட்டும் இதில் போடவே வேண்டாம்.