மோல் கணக்கில் எங்கே இடறுகிறோம்? கேள்வி பதில்

வந்து சேர்ந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில் இடறியவை என்பதால், ஒத்தவற்றை ஒன்றாக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒப்பு அணு நிறைகளை ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று முழு எண்களாகவே கொண்டிருக்கிறேன். தசமம் தேவைப்படும் இடங்களில் மட்டும் தசமத்தோடு தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, டஜன் என்றால் 12 என்பதுபோல மோலும் ஓர் எண்ணிக்கைதான் என்கிறார்கள். அப்படியானால் 10²⁴ என்று முழுமையாக வைத்துக்கொள்ளாமல், 6.022 × 10²³ என்ற வாயில் நுழையாத எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அந்த எண்ணை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது கிராமை, எண் அதன் பின்னால் வந்து சேர்ந்தது. டஜனை விரல்விட்டு எண்ணலாம், அணுவை அப்படி எண்ண இயலாது, தராசில் வைத்து எடைபோடத்தான் இயலும். ஒரு கார்பன் அணுவின் நிறை 12 அணு நிறை அலகு, ஓர் ஆக்சிஜன் அணுவின் நிறை 16 அணு நிறை அலகு. இதே 12, 16 என்ற எண்களைக் கிராமாக மாற்றி, 12 கிராம் கார்பனையும் 16 கிராம் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டால், இரண்டிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். ஏனெனில் ஓர் அணு மற்றோர் அணுவைவிட எத்தனை மடங்கு கனமோ, குவியலும் குவியலைவிட அத்தனை மடங்கு கனமாக இருக்கிறது. அந்தப் பொதுவான எண்ணிக்கையே அவகாட்ரோ எண். ஓர் அணு நிறை அலகு என்பது 1.6605 × 10⁻²⁴ கிராம். 1 என்ற எண்ணை இதனால் வகுத்துப் பாருங்கள், 6.022 × 10²³ வந்து நிற்கும். கிராமுக்குப் பதிலாக வேறோர் எடை அலகு வழக்கில் நிலைத்திருந்தால், இன்று நாம் மனப்பாடம் செய்யும் எண்ணும் வேறாக இருந்திருக்கும்.

1971 முதல் 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே மோலின் வரையறையாக இருந்தது. 2019 மே 20 முதல் அந்த நிலை மாறி, 6.02214076 × 10²³ துகள்கள் கொண்டதே ஒரு மோல் என்று எண்ணையே நேரடியாக நிலைநிறுத்திவிட்டார்கள். பாடக் கணக்குகளில் இதனால் ஒரு வித்தியாசமும் வராது. எண்ணின் பெருமை பற்றி வேண்டுமானால் ஒன்று சொல்லலாம்: ஒரு மோல் நீர் 18 கிராம், அதாவது ஒரு சிறு மருந்துக் குப்பியில் அடங்கும் அளவு, அதிலுள்ள மூலக்கூறுகளை நொடிக்கு ஒரு கோடி வீதம் இடைவிடாமல் எண்ணினாலும் முடிக்க ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: அவகாட்ரோ இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்?

அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவர் சொன்னார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. மூலக்கூறுகளின் அளவை 1865இல் முதன்முதலாக மதிப்பிட்டவர் ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட். இந்த மாறிலிக்கு அவகாட்ரோவின் பெயரை வைக்கலாம் என்று 1909இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரின்.

கேள்வி: ஒரு மோல் ஆக்சிஜனின் நிறை 16 கிராமா, 32 கிராமா? ஒரே நூலில் இரண்டும் வருகின்றன.

இரண்டும் சரி, கேள்விதான் அரைகுறை. ஒரு மோல் என்று கேட்டவுடன் "எதன் மோல்?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அணுக்களின் ஒரு மோல் 16 கிராம். இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளின் ஒரு மோல் 32 கிராம். ஆக்சிஜன் வாயு என்று சொல்லியிருந்தால் 32 என்றே கொள்ள வேண்டும். சோடியம் குளோரைடு போன்ற அயனிச் சேர்மத்தில் தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லை. அங்கே ஒரு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் சேர்ந்த இணையையே நாம் எண்ணுகிறோம்.

கேள்வி: எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்பதே எனக்குக் குழப்பம். சூத்திரம் தெரிகிறது, பயன்படுத்தத் தெரியவில்லை.

சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு அலகுகளை எழுதுங்கள். 9 கிராம் நீரில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன என்று கேட்டால், கையில் இருப்பது கிராம். நீரின் மோலார் நிறை ஒரு மோலுக்கு 18 கிராம். கிராம் மறைந்து மோல் நிற்க வேண்டுமென்றால் 9ஐ 18ஆல் வகுப்பதைத் தவிர வேறு வழியில்லை, 0.5 மோல் கிடைக்கிறது. அடுத்து, மோல் மறைந்து எண்ணிக்கை நிற்க வேண்டும் என்பதால் 6.022 × 10²³ஆல் பெருக்குகிறோம், 3.011 × 10²³ மூலக்கூறுகள். பலரும் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். கேட்டது மூலக்கூறுகளை அல்ல, ஹைட்ரஜன் அணுக்களை. ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் அவை இரண்டு இருப்பதால் விடை 6.022 × 10²³.

தவறாகப் பெருக்கியிருந்தால் 9 × 18 = 162 மோல் என்று வந்திருக்கும். ஒரு மோலே 18 கிராம் எனும்போது, அதில் பாதியளவு நீரில் 162 மோல் எப்படி அடங்கும் என்று ஒரு கணம் யோசித்தாலே தவறு கண்ணில் பட்டுவிடும்.

கேள்வி: 3 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? ஹைட்ரஜன் குறைவாக இருப்பதால் அதுதான் முதலில் தீரும் என்று கணக்கிட்டேன். விடை தவறு என்கிறார்கள்.

மோல் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று நான் நினைப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சமன் செய்யப்பட்ட சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு முன்னால் 2, ஆக்சிஜனுக்கு முன்னால் எழுதப்படாத 1, நீருக்கு முன்னால் 2 என்று நிற்கின்றனவே, அவை கிராமைக் குறிப்பவை அல்ல. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை, ஆகவே மோல்களைக் குறிப்பவை. கிராமோடு வந்தவர் முதலில் மோலுக்கு மாறாமல் சமன்பாட்டுக்குள் நுழையவே கூடாது.

3 கிராம் ஹைட்ரஜன் என்பது 1.5 மோல், 16 கிராம் ஆக்சிஜன் என்பது 0.5 மோல். 1.5 மோல் ஹைட்ரஜன் முழுவதும் வினைபுரிய 0.75 மோல் ஆக்சிஜன் வேண்டும், ஆனால் 0.5 மோல்தான் இருக்கிறது. எனவே, எடையில் ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தும் முதலில் தீர்வது ஆக்சிஜனே. அதுதான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. 0.5 மோல் ஆக்சிஜன் 1 மோல் ஹைட்ரஜனோடு சேர்ந்து 1 மோல் நீரைத் தருகிறது, 18 கிராம். மிஞ்சுவது 0.5 மோல் ஹைட்ரஜன், அதாவது 1 கிராம். 18உம் 1உம் சேர்ந்தால் தொடங்கிய 19 கிராம் சரியாக வந்துவிடுகிறது. இந்தக் கடைசிக் கூட்டலை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நிறை பொருந்தவில்லையென்றால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு "மோல் குறைவாக உள்ளதே முதலில் தீரும்" என்று புதிதாக ஒரு விதியைச் சிலர் உருவாக்கிக்கொள்கிறார்கள், அதுவும் பிழையே. அதே 3 கிராம் ஹைட்ரஜனோடு 32 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.5 மோலுக்கு எதிராக 1 மோல். எண்ணிக்கையில் ஆக்சிஜன் குறைவுதான், எனினும் தேவைப்படுவது 0.75 மோல் என்பதால் இப்போது தீர்ந்துபோவது ஹைட்ரஜன்; 27 கிராம் நீர் உண்டாகி, 8 கிராம் ஆக்சிஜன் மிஞ்சுகிறது. இருப்பதைத் தேவையோடுதான் ஒப்பிட வேண்டும், இருப்பதை இருப்பதோடு அல்ல.

கேள்வி: ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று ஒரு நூலிலும் 22.7 லிட்டர் என்று இன்னொரு நூலிலும் உள்ளது. எதை எழுதுவது?

உங்கள் நூல் எந்த அழுத்தத்தைத் திட்ட அழுத்தம் என்கிறதோ, அதைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியசிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் 22.414 லிட்டர், அதே வெப்பநிலையில் அழுத்தத்தை 1 பார் என்று கொண்டால் 22.711 லிட்டர். 1982க்குப் பிறகு பன்னாட்டு வேதியியல் அமைப்பு 1 பாரையே பரிந்துரைக்கிறது, பழைய எண் பல நூல்களில் இன்னும் நீடிக்கிறது. இதைவிடப் பெரிய பிழை ஒன்றைத் திருத்திய விடைத்தாள்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்: 22.4ஐ நீருக்கும், இரும்புக்கும்கூடப் பயன்படுத்திவிடுவது. அந்த எண் வாயுக்களுக்கு மட்டுமே உரியது. திரவ நிலையில் ஒரு மோல் நீரின் பருமன் வெறும் 18 மில்லிலிட்டர்.

கேள்வி: 1 மோலார் கரைசல் என்றால் 1 லிட்டர் நீரில் 1 மோல் பொருளைக் கரைப்பதுதானே?

இல்லை. 1 லிட்டர் கரைசலில் 1 மோல் இருக்க வேண்டும். பொருளைச் சேர்க்கும்போது கரைசலின் பருமன் நீரின் பருமனிலிருந்து மாறிவிடுவதால், 1 லிட்டர் நீரை அளந்து ஊற்றிவிட்டுத் தொடங்கினால் கணக்கு தப்பிவிடும். 250 மில்லிலிட்டர் அளவில் 0.5 மோலார் சோடியம் குளோரைடு கரைசல் தேவை என்றால், 0.25 × 0.5 = 0.125 மோல், அதன் மோலார் நிறையான 58.44ஆல் பெருக்க 7.305 கிராம். அதை ஒரு முகவையில் குறைந்த நீரில் கரைத்து, 250 மில்லிலிட்டர் அளவுக் குடுவைக்கு மாற்றி, முகவையை இரண்டு மூன்று முறை சிறிது நீரால் அலசி அந்த நீரையும் குடுவையிலேயே சேர்த்து, பிறகு கழுத்துக் கோடு வரை நீர் நிரப்ப வேண்டும். கடைசித் துளிகளைச் சொட்டியால் விடுங்கள்; நீர்மட்டத்தின் வளைவுடைய அடிப்பகுதி கண் மட்டத்தில் கோட்டைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுப்பதில் பயனில்லை, எடுப்பது நீரை மட்டுமல்ல, கரைசலை.

ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு இத்தனை மோல் என்று சொல்வது மோலாலிட்டி. வெப்பநிலை கூடினால் பருமன் விரியும், நிறை மாறாது. எனவே லிட்டர் கரைசலுக்கு இத்தனை மோல் என்னும் மோலாரிட்டி மாறும்போதும் மோலாலிட்டி மாறாமல் இருக்கும்.

கேள்வி: தாமிர சல்பேட்டின் மோலார் நிறை 159.6 என்று கணக்கிட்டேன், புட்டியின் மேல் 249.7 என்று உள்ளது. அச்சுப் பிழையா?

புட்டி சொல்வதே சரி. நீலப் படிகத்தில் ஒவ்வொரு தாமிர சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிக நீராக இணைந்துள்ளன; 5 × 18 = 90 கிராம்தான் அந்த வித்தியாசம். மாணவனாக இருந்தபோது நானும் 159.6 கிராம் நீலப் படிகத்தை எடைபோட்டு 1 மோலார் என்று சீட்டு ஒட்டி வைத்தேன். உள்ளே இருந்தது 0.64 மோலார்தான். கணக்கைத் தொடங்கும் முன் புட்டியைப் படிக்கும் பழக்கம் அன்றுதான் வந்தது.

கேள்வி: இரும்பு ஆக்சைடு ஒன்றில் 72.4 சதவீதம் இரும்பும் 27.6 சதவீதம் ஆக்சிஜனும் உள்ளன. விகிதம் 1 : 1.33 என்று வருகிறது. 1 : 1 என்று முழுமையாக்கலாமா?

கூடாது. 100 கிராம் ஆக்சைடு என்று கொண்டு, 72.4ஐ இரும்பின் ஒப்பு அணு நிறையான 55.85ஆல் வகுக்க 1.296 மோல், 27.6ஐ 16ஆல் வகுக்க 1.725 மோல், சிறியதால் பெரியதை வகுக்க 1.33, இதுவரை நீங்கள் செய்தது சரி. 1.33 என்பது 1க்கு அருகில் உள்ள எண் அல்ல, மூன்றில் நான்கு. இரண்டு பக்கத்தையும் 3ஆல் பெருக்கினால் 3 : 4. மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன் என்ற இந்த எளிய விகித வாய்ப்பாடு மேக்னடைட் என்னும் கனிமத்துக்கு உரியது. 1 : 1 என்று வைத்திருந்தால் இரும்பு 77.7 சதவீதமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் தரவு அதற்கு இடம் தரவில்லை. 1.5 வந்தால் 2ஆலும், 1.25 அல்லது 1.75 வந்தால் 4ஆலும் பெருக்குங்கள், 1.02, 1.98 போன்றவற்றை மட்டும் அளவீட்டுப் பிழை என்று கொண்டு முழுமையாக்கலாம்.