டயரை மாற்றும் முன் ரிம்மைப் பாருங்கள்

கேள்வி: ஏழு ஆண்டு ஓடிய கார் வைத்திருக்கிறேன். அலாய் வீல், டியூப்லெஸ் டயர். டயர் மாற்றி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. இடதுபக்க முன்சக்கரத்தில் 33 பிஎஸ்ஐ காற்று வைத்தால் ஒரே வாரத்தில் 27-க்கு இறங்கிவிடுகிறது. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு ஓட்டை இல்லை என்கிறார்கள். டயர் கடைக்காரரோ, "டயர் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார். டயரின் பட்டன் (சாலையில் தேயும் மேல்பகுதி) இன்னும் நன்றாகவே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டாம். காற்று எந்த இடத்தில் வெளியேறுகிறது என்பதை இதுவரை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. அந்தக் குமிழியை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை டயருக்கோ ரிம்முக்கோ பணம் கொடுக்காதீர்கள். நம் கடலோரத்தில் இப்படி மெதுவாக இறங்கும் சக்கரங்களில் டயர் பெரும்பாலும் நல்ல டயராகவே இருக்கும். உப்புக்காற்று ரிம்மைத் தின்றிருக்கும். அந்த ரிம்மில் புது டயர் மாட்டினாலும் காற்று இறங்கத்தான் செய்யும்.

முதலில் அளவைச் சரியாக எடுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், நான்கு சக்கரங்களையும் ஒரே அளவுமானியால் பாருங்கள். வெயிலில் ஓடி வந்த டயரில் காற்று சூடேறி மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மதியம் பெட்ரோல் பங்கில் 33 வைத்த டயர் மறுநாள் காலை 30 காட்டினால் அது கசிவு அல்ல. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். நான்கும் ஒன்றுபோல் இறங்கினால் கவலை வேண்டாம். உங்களுக்கு ஒரு சக்கரம் மட்டும் வாரம் ஆறு இறங்குகிறது என்றால் அது கசிவேதான்.

தொட்டியில் ஏன் தெரியவில்லை? மெல்லிய கசிவு ஒரு குமிழியை விடவே நேரம் எடுக்கும். கடையில் கூட்டம் நிற்கும்போது சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அந்த வேலையை நீங்கள் வீட்டு வாசலில் நிதானமாகச் செய்யலாம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, சந்தேகப்படும் சக்கரத்தைக் கழற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் 40 வரை காற்று ஏற்றித் தரையில் படுக்க வையுங்கள். டயரும் ரிம்மும் சேரும் பள்ளத்தில் சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஏதாவது ஓரிடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி, வெள்ளை நுரையாகத் திரண்டு நிற்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுச் சக்கரத்தைப் புரட்டி மறுபக்கமும் பாருங்கள். வண்டியின் உட்புறம் பார்த்திருக்கும் பக்கத்தை யாரும் கழுவுவதில்லை என்பதால் அரிப்பு அங்கேதான் அதிகம்.

வால்வையும் விட்டுவிடக் கூடாது. அதன் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசி சரியாக அமரவில்லை. மூடி இல்லாமல் தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போய்வரும் வண்டிகளில் ஒரு மணல் பருக்கையே இதற்குப் போதும். அடுத்து, வால்வை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து, அது ரிம்மில் நுழையும் அடிப்பகுதியைக் கவனியுங்கள். வெயிலில் ரப்பர் வெடித்திருந்தால் சாய்க்கும்போது மட்டும் குமிழி வரும். ஊசியும் ரப்பர் வால்வும் மிக மலிவானவை. டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது சந்தேகம் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அதிகம்: சீமைக்கருவேல முள். விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் வழியெல்லாம் உதிர்த்துச் செல்கின்றன. முள் டயருக்குள் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முறிந்துபோகும். மிச்சம் உள்ளேயே தங்கித் துளையைப் பாதி அடைத்துக்கொள்ளும். வெளியே தேடினால் அடையாளமே இராது. டயரைக் கழற்றி உட்புறத்தை ஒரு பழைய துணியால் துடைத்தால், முள்முனை துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். வெறும் கையால் தடவ வேண்டாம். சாலையில் படும் பகுதியில் ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை என்றால், உள்ளிருந்து போடும் மஷ்ரூம் பேட்ச் நன்றாக உழைக்கும். வெளியிலிருந்து செருகும் ரப்பர் திரி வழியில் சமாளிக்க மட்டுமே. பக்கவாட்டில் முள் ஏறியிருந்தால் எந்த ஒட்டும் பாதுகாப்பில்லை. அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் சக்கரத்தில் நுரை ரிம் ஓரத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். அலாய் வீலில் இருக்கும் அலுமினியம் உப்பில் அரித்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். டயரின் விளிம்பு அழுத்தி உட்காரும் இடத்தில் அந்தப் பொடி பூச்சைத் தூக்கிவிட, இடையில் மயிரிழை வழி கிடைக்கிறது. சரிசெய்ய டயரை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும். அந்த இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷாலும் பிறகு நைசான உப்புத்தாளாலும் பொடி முழுக்கப் போகும்வரை தேய்த்து, விரல் வைத்தால் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயர் விளிம்பில் ஒட்டியிருக்கும் பொடியையும் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் பீட் சீலர் என்ற கறுப்புப் பசையை மெல்லியதாகத் தடவி டயரை மாட்டுவது. பொடியைத் தேய்க்காமல் மேலே பசையை அப்பினால் சில மாதங்களில் மீண்டும் காற்று இறங்கும். கிரைண்டர் எடுத்துவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அது அலுமினியத்தைக் குடைந்து, கசிவைப் பெரிதாக்கிவிடும். மாட்டியதும் பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மில் வெடிப்பே தெரிந்தால் பற்றவைத்து ஓட்டாமல் ரிம்மை மாற்றுங்கள்.

அதுவரை தினமும் காற்றைப் பாருங்கள். 27-இல் ஊருக்குள் ஓட்டுவது வேறு, மே மாத வெயிலில் பரமக்குடி தாண்டி மதுரை நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு வேகமாகப் போவது வேறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறும். டயர் வெடிப்பது அப்படித்தான்.

டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்களுடையது மூன்று ஆண்டு டயர்தானா, புதிது என்று சொல்லிப் பழைய சரக்கை மாட்டினார்களா என்பது அதில் தெரிந்துவிடும். வாங்கும்போதே இதைப் பார்ப்பது நம் உரிமை.

"டயர் மாற்றினால் கசிவு நின்றுவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் அதை பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். அப்படி வாங்கியும் கசிந்தால், பில்லோடு முதலில் கடைக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் ஒரு பாட்டில் வாங்கினால் இந்தத் தொல்லையே வராது என்கிறார்களே? வாங்கலாமா?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: முள் குத்தும் இடத்துக்கு ஓரளவு உதவும். ரிம் ஓரக் கசிவுக்கு உதவாது. சக்கரம் சுழலும்போது திரவம் முழுவதும் டயரின் வெளிவட்டத்துக்குப் போய்விடும், கசியும் விளிம்புக்கு அது வருவதே இல்லை. வால்வு ஊசியிலும், காற்றழுத்த உணரி உள்ள வண்டிகளில் அதன் துளையிலும் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அவசரத்துக்கு ஊற்றினால், பிறகு டயரைக் கழற்றும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுப் போட முடியும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் கசிவு நிற்குமா?
— வாசகர், தொண்டி

பதில்: நிற்காது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. ரிம் ஓரத்திலோ வால்விலோ வழி இருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே வெளியேறும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல அளவுமானி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.