கேள்வி பதில்: அலைக்கும் புயலுக்கும் பிறகு மனமும் நினைவும்

மனக்காயம், நினைவு, கற்றல் ஆகியவை குறித்து டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தஞ்சாவூரில் உளவியல் கற்பித்துவரும் நான் எழுதும் பதில்கள் இவை.

கேள்வி (அக்கரைப்பேட்டை): ஐயா, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் என் அப்பா தம் தம்பியைப் பறிகொடுத்தார். கடலுக்குப் போகிறார், பேரப்பிள்ளைகளோடு சிரிக்கிறார். ஆனால் அந்த நாளைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மனத்துக்குள்ளேயே வைத்திருப்பது அவரை நோயாளியாக்கிவிடாதா?

பதில்: வாய்விட்டு அழுதால்தான் பாரம் இறங்கும் என்று நாம் நம்புகிறோம். சிலருக்கு அது உண்மைதான், எல்லாருக்கும் அல்ல. இழப்பையும் பேராபத்தையும் கடந்த பலர், பேசினாலும் பேசாவிட்டாலும், நாள்பட்ட மனநோய்க்கு ஆளாகாமல் வாழ்க்கையைத் தொடர்கிறார்கள் என்றும், அதைக் கல்மனம் என்றோ நோயின் முன்னறிகுறி என்றோ கொள்ளக் கூடாது என்றும் உளவியலாளர் ஜார்ஜ் பொனானோ 2004இல் எழுதினார். உங்கள் அப்பா உறங்குகிறாரா, தொழிலுக்குப் போகிறாரா, உறவுகளோடு ஒட்டி இருக்கிறாரா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் அவருடைய மௌனம் அவருக்கு உரியது. அதைக் கலைக்க வேண்டாம்.

கேள்வி (பேராவூரணி): கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்தது. இப்போது புதுக் கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் இரவுக் காற்று சற்று வலுத்தாலே என் கணவர் வியர்த்து எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுகிறார். கோடையில் இது இல்லை. ஏன்?

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலை இருட்டில்தான் கஜா கரையைக் கடந்தது. அன்றைய காற்றின் ஓசையும் இருட்டும் ஈரமும் ஆபத்தோடு பிணைந்து அவர் மூளையில் பதிந்துவிட்டன. இப்படிப் பதிந்த அச்சம், ஆபத்தில்லாத நாட்கள் பல கடந்தபின் தணிவது உண்டு. ஆனால் தணிவது வேறு, அழிவது வேறு. இதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே தம் நாய்களிடம் கண்டார்: உணவுக்கு முன் வரும் அறிகுறிக்கே உமிழ்நீர் சுரக்கும் பழக்கம், உணவு தராமல்விட்டபோது அடங்கிப்போய், சில காலம் கழித்துத் தானாகத் திரும்பியது. பழைய பதிவின்மேல் 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. அந்தப் பாடம் கற்ற சூழலோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பின்னர் மார்க் பூட்டன் போன்ற உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டினர். கோடையில் கற்ற நிம்மதி அடைமழைக் காலத்து இரவில் கைகொடுக்காமல் போவது இதனால்தான். இது அவருடைய பலவீனம் அல்ல என்பதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். உறக்கம் தொடர்ந்து கெட்டால், அஞ்சும் சூழலைப் பாதுகாப்பாகவும் படிப்படியாகவும் எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை உண்டு. அதைப் பயிற்சி பெற்றவரிடமே பெற வேண்டும். 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (வேதாரண்யம்): கஜா புயல் வீசிய இரவில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினோம் என்கிறார் அண்ணன், கோயில் மண்டபத்தில் என்று எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. இவ்வளவு தெளிவான நினைவு பொய்யாகுமா?

பதில்: ஆகலாம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லக் கேட்டீர்கள் என்று மறுநாள் காலையிலேயே மாணவர்களை எழுதச் சொன்னார் உளவியலாளர் உல்ரிக் நைசர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளை 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, 11 பேரின் பதில் முக்கிய விவரங்கள் அனைத்திலும் தவறியிருந்தது. அவர்களில் பலர் தம் நினைவை உறுதியாக நம்பினர். நினைவு என்பது பரணில் வைத்த பெட்டியைத் திறந்து பார்ப்பதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. உங்களில் யார் சரி என்பதை உடன் தங்கியிருந்த அக்கம்பக்கத்தாரைக் கேட்டு அறியலாம். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

கேள்வி (மன்னார்குடி, பிளஸ் டூ மாணவி): எத்தனை முறை வாசித்தாலும் மறந்துபோகிறது.

பதில்: வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பாரம்மா. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதமும், ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதமும் நினைவிருந்தன. ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மட்டும் மறுபடி படித்தவர்களே முந்தினர். அந்த உடனடித் தெளிவுதான் நம்மை ஏமாற்றுகிறது.

கேள்வி (திருத்துறைப்பூண்டி, ஆசிரியர்): வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கும்போது, பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எழுப்பி நடந்ததைச் சொல்லவைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. விபத்துக்குப் பின் உடனடியாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. சாலை விபத்தில் சிக்கிய பெரியவர்களை இங்கிலாந்தில் மூன்றாண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள்: தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் அந்த அமர்வுக்கு உட்பட்டவர்களே தேறாமல் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், பேசும்படி யாரையும் வற்புறுத்தாமல், தேவையைக் கேட்டு, உடனிருந்து, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைக்கச் சொல்கிறது. நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகிறவர் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாரே, அந்த நாகரிகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மணி வழக்கமான நேரத்தில் அடிக்கட்டும். சத்துணவு நேரத்துக்கு வரட்டும். நனைந்துபோன புத்தகங்களுக்கு மாற்றுக் கிடைக்கட்டும். தானாக வந்து சொல்லும் பிள்ளையின் அருகில் அமர்ந்து முழுவதையும் கேளுங்கள். ஒரு மாதம் கடந்தும் உறங்காமலோ, வகுப்புக்கு வர அஞ்சியோ இருக்கும் பிள்ளையை மட்டும், பெற்றோரிடம் பேசி, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.