வெல்டிங் பழக மெஷின் வாங்கலாமா, பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பத்தாவது முடித்த மகனுக்கு வெல்டிங் கற்க ஆசை. தனியார் மையத்தில் மூன்று மாதத்துக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் மெஷினே வாங்கி வீட்டில் பழகச் சொல்லலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் முதல் செலவாக வேண்டாம். அந்த மையத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி, எரிக்கத் தருவீர்கள்? நேராகப் பதில் வராவிட்டால் சேர்க்காதீர்கள். ராடு எரிக்க எரிக்கத்தான் கை படியும். அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான், எட்டாவது தேறியிருந்தாலே சேரலாம், சான்றிதழும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வழி. கை தேறியபின் திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்கு விசாரியுங்கள்.

மெஷின் வாங்கினால் 200 ஆம்ப் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் தாராளம். பெட்டியில் உள்ள பெரிய எழுத்தை விட்டுவிட்டு டியூட்டி சைக்கிளைப் பாருங்கள், 60% என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், மிச்சம் ஆறவிட வேண்டும். பழைய வீடு என்றால் வயரிங்கையும் எர்த்தையும் எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். கருப்புக் கண்ணாடி வைத்த வெல்டிங் ஹெல்மெட், தோல் கையுறை, பருத்திச் சட்டை, இவற்றில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், கண் போனால் வராது.

இரும்புக்குப் பழைய இரும்புக் கடை போதும், 6 எம்எம் பட்டையாக எடுங்கள். நம் பக்கம் இடித்த வீட்டுச் சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று வார்ப்பிரும்புத் தூணையோ அலங்காரக் கம்பியையோ தூக்கி வராதீர்கள். அதில் சாதாரண 6013 ரக ராடு போட்டால் ஆறும்போதே பக்கத்தில் விரிசல் விடும், பையன் தன் கைதான் சரியில்லை என்று மனம் விட்டுவிடுவான். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பும் வேண்டாம், அந்தத் துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

ஆரம்பத்தில் எதையும் ஒட்டவே வேண்டாம். 2.5 எம்எம் ராடு, 70, 80 ஆம்ப், ஒரே பட்டையில் கோடு கோடாக இழுக்கட்டும். ராடு பட்டையில் அடிக்கடி ஒட்டிக்கொண்டால் கரண்ட்டைக் கொஞ்சம் ஏற்றட்டும். ஒவ்வொரு கோட்டையும் மேலே படிந்த கசடைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒல்லியாக மேடு கட்டி நின்றால் கரண்ட் குறைவு, ஓரம் அரித்துப் பள்ளமாக இருந்தால் கரண்ட் அதிகம், இல்லை ராடைத் தூக்கிப் பிடிக்கிறான். அப்புறம் இரண்டு துண்டை T போல நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, சுத்தியலால் அடித்து மடக்கட்டும். ஒட்டு பிளக்காமல் மடங்கினால் தெரிந்த பட்டறையில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள், அதற்கு முன்னால் யார் வீட்டு கேட் வேலையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.