விமானம் ஓட்டக் கற்க வீட்டுக் கடனில் டாப்-அப் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் ரூ.95,000. ஆண்டு போனஸ் சுமார் ரூ.1.2 லட்சம். மனைவி வேலைக்குப் போகவில்லை. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் சிறு விமானங்கள் இறங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தொழிலுக்காக அல்ல, ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்க வேண்டும். பக்கத்து மாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பிபிஎல் (சொந்த விருப்பத்துக்காக விமானம் ஓட்டும் தனியார் விமானி) உரிமத்துக்கு 40 மணி நேரம், மணிக்கு ரூ.15,000, வகுப்புகள் சேர்த்து ரூ.7.5 லட்சம் என்கிறார்கள். மே மாதத்துக்குள் முழுப் பணமும் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. தங்கும் செலவையும் சேர்த்து வீட்டுக் கடனின் மேல் ரூ.12 லட்சம் கூடுதல் கடன், அதாவது டாப்-அப், எடுக்க நினைக்கிறேன். 2016-ல் ரூ.22 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். பைக்குக்காக ஒரு முறையும், மைத்துனியின் திருமணத்துக்காக ஒரு முறையும் டாப்-அப் எடுத்ததில் இப்போது மீதி ரூ.23 லட்சம். இ.எம்.ஐ. ரூ.25,000, இன்னும் 13 ஆண்டுகள். இன்னொரு 5 லட்சம் கூடுதலாக எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, மாதாமாதம் அதிலிருந்து எடுத்தே புதிய இ.எம்.ஐ.யைக் கட்டலாம் என்று வங்கி அதிகாரி சொல்கிறார். செய்யலாமா? வேலையை விட்டு முழுநேர விமானியாகிவிடு என்கிறார் என் மைத்துனர்.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது விமானம் அல்ல. 22 லட்சம் வாங்கினீர்கள், இத்தனை ஆண்டுகள் தவணை கட்டினீர்கள், இன்று மீதி 23 லட்சம். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். இது மூன்றாவது டாப்-அப். ஒவ்வொரு ஆசைக்கும், ஒவ்வொரு உறவினர் தேவைக்கும் வீட்டை மறுபடி அடகு வைக்கும் பழக்கம் இது. வட்டி குறைவு, கையெழுத்து சுலபம் என்பதால் இது கடனாகவே உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 12 லட்சம், 9.5 சதவீதம், 13 ஆண்டுகள் என்றால் தவணை மாதம் சுமார் ரூ.13,400. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய ரூ.20.9 லட்சம். வட்டி மட்டும் 9 லட்சத்துக்கு அருகில். வீட்டுக்காகச் செலவிடாத டாப்-அப்புக்கு வருமான வரியில் வட்டிக் கழிவும் கிடையாது.

வட்டியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உரிமம் வாங்குவதோடு இந்தப் பொழுதுபோக்கு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. பயணி ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் அண்மையில் சில முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஆண்டுக்குப் பத்து மணி நேரமாவது பறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15,000 என்றால் ஒன்றரை லட்சம். உங்கள் புதிய இ.எம்.ஐ. ஆண்டுக்கு எவ்வளவு? ரூ.1.6 லட்சம். பறப்பதற்கு வைத்திருக்க வேண்டிய பணம் முழுவதும் 13 ஆண்டுகளுக்கு வங்கிக்குப் போய்விடும். உரிமம் அலமாரியில் இருக்கும், நீங்கள் தரையில் இருப்பீர்கள். ஆசையை நிறைவேற்றுவதாக நினைத்து வாங்கும் கடன் அந்த ஆசையைத்தான் முதலில் கொல்லும்.

அதிகாரி சொன்ன ஃபண்டு யோசனையை மறந்துவிடுங்கள். 5 லட்சத்திலிருந்து மாதம் 13,400 எடுத்தால், ஃபண்டு ஆண்டுதோறும் தவறாமல் 12 சதவீதம் கொடுத்தாலும் நான்கே ஆண்டில் காலி. அந்த ஐந்து லட்சத்துக்கான தவணை ரூ.5,600 தனி. மீதி ஒன்பது ஆண்டுகளுக்கு மாதம் ரூ.19,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். மாதாமாதம் பணம் எடுக்கும் திட்டம் சேமிப்பு நிறைய உள்ள ஓய்வூதியர்களுக்கு ஏற்பட்டது. கடன் வாங்கிய பணத்தை அதில் போடச் சொல்வதை எந்தப் பெயர் வைத்து விற்றாலும் நான் ஏற்கமாட்டேன்.

பள்ளி சொன்ன ரூ.7.5 லட்சமும் நம்பத்தக்கதல்ல. நீங்கள் போட்ட 12 லட்சம்தான் உண்மைக்கு அருகில். 40 மணி நேரம் என்பது டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதித்த குறைந்தபட்சம். வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்கள் பெரும்பாலும் அதற்குள் முடிப்பதில்லை. 60 மணி நேரம் என்று பட்ஜெட் போடுங்கள். அதுவே 9 லட்சம். தேர்வு, ரேடியோ உரிமம், மருத்துவப் பரிசோதனை, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் 11, 12 லட்சத்தில்தான் நிற்கும்.

தள்ளுபடிக்கு மே மாதக் கெடு வைத்திருப்பதையும் கவனியுங்கள். ஜூனில் பருவமழை தொடங்குகிறது. பயிற்சி விமானங்கள் கண்ணால் பார்த்து ஓட்டப்படுபவை. மேகம் தாழ்ந்தால் கொட்டகையை விட்டு வெளியே வராது. நீங்கள் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பீர்கள், தவணை மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடும். மழை போனாலும் உதிரிபாகம் வரவில்லை, பயிற்றுநர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று நாட்கள் நழுவும். முன்பணம் கொடுத்தவர் அப்போது கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. ரூ.75,000 தள்ளுபடிக்காக ரூ.6.75 லட்சத்தை மொத்தமாக ஒப்படைக்காதீர்கள். ஐந்து ஐந்து மணி நேரமாகக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத பள்ளி வேண்டாம்.

என் யோசனை இதுதான். வங்கிக்குக் கட்டத் துணிந்த அதே ரூ.13,400-ஐ இந்த மாதமே தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள். போனஸையும் அதோடு சேருங்கள். நான்கு ஆண்டில், வட்டியோடு, 12 லட்சத்தைத் தொட்டுவிடும். அப்போது உங்களுக்கு வயது 40. பிபிஎல் வாங்க அதிகபட்ச வயது வரம்பு இல்லை. நான்கு ஆண்டு நீளம் என்று தோன்றும்; 13 ஆண்டுத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் சேரச்சேர மாதம் ஒரு மணி நேரம் பறந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம், அதுதான் மிக அதிகம் செலவு வைக்கும் வழி. ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு ஏறினால், போன முறை கற்றதைத் திரும்பப் பிடிப்பதிலேயே பாதி நேரம் போகும். அந்தப் பாதிக்கும் மீட்டர் ஓடுகிறது. முழுத் தொகையும் கைக்கு வந்தபின், ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்து, மழையில்லாத மாதங்களில் வாரம் நான்கைந்து நாள் தொடர்ச்சியாகப் பறந்து முடியுங்கள். 60 மணி நேரம் 50 ஆகக் குறைந்தால் ஒன்றரை லட்சம் மிச்சம்.

மீட்டர் என்றேன். இன்ஜின் கிளம்பியதிலிருந்து நிற்கும் வரை நேரம் உங்கள் கணக்கில்தான் பெரும்பாலும் ஏறும். பயணிகள் விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில், முன்னால் நிற்கும் ஏர்பஸ் கிளம்பட்டும் என்று பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் ரூ.2,500 போயிற்று. அதனால் போக்குவரத்து குறைந்த ஓடுதளத்தில் உள்ள பள்ளி, மணிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் மலிவாக முடியலாம். இரண்டு இருக்கை கொண்ட செஸ்னா 152 இருந்தால் அதிலேயே கற்றுக்கொள்ளுங்கள். மணிக்குச் சுமார் 23 லிட்டர் எரிபொருள் போதும். நான்கு இருக்கை கொண்ட 172-க்கு 30 லிட்டருக்கு மேல் ஆகும். எரிபொருள் விலை ஏறினால் கட்டணம் ஏறுமா, பயிற்றுநர் கட்டணம் தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் மைத்துனர் வேலையை விட்டு முழுநேர விமானியாகிவிடச் சொல்வதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், செலவு அரை கோடியைத் தாண்டும், வேலைக்கு உத்தரவாதம் இல்லை. பள்ளிக்குப் போகும் மகள் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

ஒரு ரூபாய் சேமிக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. சில ஆயிரம் ரூபாயில் முடியும். நிறக்குருடு, இதயத்துடிப்புக் கோளாறு போன்றவை இங்கேயே தெரிந்துவிடும். கூடவே உங்கள் டேர்ம் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்து விபத்து ரைடர் (கூடுதல் விபத்துக் காப்பு) பகுதியைப் படியுங்கள். கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு விதத்தில் பறக்கும்போது நேரும் விபத்துக்குப் பணம் இல்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அடிப்படைக் காப்பீட்டுக்காக அந்த நிறுவனத்துக்கும் இந்தப் பொழுதுபோக்கை எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். அந்தப் பதிலை உங்கள் மனைவியும் படிக்கட்டும்.