38-ஆம் இடத்துக்கு எப்படி மேடை கிடைத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தந்த வார ரெக்கார்டு விற்பனைப் பட்டியலில் இருக்கும் பாட்டுகளைப் பாட வைத்த பிபிசியின் வாராந்திர டிவி நிகழ்ச்சி 'டாப் ஆஃப் த பாப்ஸ்'. அதன் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் பார்த்து வருகிறேன். ஐந்தாவது இடத்தில் இருந்த பாட்டை விட்டுவிட்டு, முப்பத்தெட்டாவது இடத்தில் இருந்த புதுமுகங்களைப் பாட வைக்கிறார்கள். எல்லாம் தயாரிப்பாளர் இஷ்டம்தானா? ரெக்கார்டு கம்பெனிகளின் பணமும் விளையாடியிருக்குமோ?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இஷ்டம் இருந்தது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1964 ஜனவரி 1 அன்று மான்செஸ்டரில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஸ்டுடியோவில் நிகழ்ச்சி தொடங்கியபோதே முதல் தயாரிப்பாளர் ஜானி ஸ்டூவர்ட் தன் கையைத் தானே கட்டிக்கொண்டார். முதலிடப் பாட்டோடுதான் நிகழ்ச்சி முடியும், அடுத்தடுத்த வாரங்களில் வரும் உரிமையும் அதற்கு மட்டும்தான். புதிதாக நுழைந்தவற்றில் எது மேலே இருக்கிறதோ அது வரும். அதிகம் ஏறிய பாட்டும், முந்தின வாரம் வந்திருக்காவிட்டால், வரும். இறங்குகிற பாட்டு, எவ்வளவு பெரிய ஆளுடையதாக இருந்தாலும், கிடையாது.

நீங்கள் கேட்ட அந்த ஐந்தாம் இடத்துப் பாட்டு, ஒன்று, முந்தின வாரமே வந்திருக்கும், இல்லையென்றால் மூன்றிலிருந்து இறங்கி ஐந்துக்கு வந்திருக்கும். பெரிய பெயர்களை இப்படிக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் இடத்தைப் பட்டியலின் கீழ்ப்பாதியிலிருந்துதானே நிரப்ப முடியும்? புதுமுகங்களுக்குக் கதவைத் திறந்தது இந்த விதிதான், அதனாலேயே எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு உண்டு.

தயாரிப்பாளரின் கை ஓங்கியது நேர நெருக்கடியில்தான். எழுபதுகளில் செவ்வாய்க்கிழமை மதியம் பிபிசியின் ரேடியோ ஒன்னில் புதிய பட்டியல் வாசிப்பார்கள், புதன்கிழமை ரெக்கார்டிங், வியாழன் மாலை ஒளிபரப்பு. அந்த ஒரே நாளுக்குள் போன் போட்டு யார் லண்டனில் இருக்கிறார்கள், யார் டூரில் இருக்கிறார்கள், யார் அமெரிக்காவில் என்று விசாரித்து முடித்தாக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பாட்டுக்கு 'பான்ஸ் பீப்பிள்' என்ற நடனக் குழு ஆடும். இதற்கு நடுவில் இசைக்கலைஞர் சங்கத்தின் கெடுபிடி வேறு. ரெக்கார்டை அப்படியே ஓடவிட்டு வாயசைக்கக் கூடாது, பின்னணி இசையை நிகழ்ச்சிக்கென்று மறுபடி வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது சங்கம். மாதக்கணக்கில் செதுக்கிய ஒலியைச் சில மணி நேரத்தில் யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? வாசித்ததுபோல் காட்டிவிட்டு மூல டேப்பையே நைசாக மாற்றிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் சொன்ன 38-ஆம் இடம் 'கல்ச்சர் கிளப்' இசைக்குழு என்று நினைக்கிறேன். 1982-இல் பாடகர் ஷேக்கின் ஸ்டீவன்ஸ் கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, அந்த இடத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். குழுவின் பாடகர் பாய் ஜார்ஜைப் பார்த்த வீடுகளில் 'இது ஆணா பெண்ணா' என்று பேச்சு கிளம்பியது, அக்டோபரில் பாட்டு முதலிடத்தில் இருந்தது. 1984 ஜனவரி 5 அன்று 35-ஆம் இடத்தில் இருந்த 'ரிலாக்ஸ்' பாட்டோடு 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவினர் வந்தார்கள், அடுத்த வாரமே ஆறாம் இடம். அப்புறம் பாட்டு ஆபாசம் என்று பிபிசி தடை போட, அது ஐந்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது! முதலிடப் பாட்டோடு முடிய வேண்டிய நிகழ்ச்சியில் குழுவின் போட்டோவை மட்டும் காட்டிவிட்டு வேறு யாரையோ பாட வைத்தார்கள். தன் விதியை மதித்தே பெயர் வாங்கிய நிகழ்ச்சி இப்படிச் செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பணம் விளையாடியது, ஆனால் பெரும்பாலும் பட்டியலில். எந்தக் கடைகளின் விற்பனை கணக்கில் சேர்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே ஆள் விட்டு ரெக்கார்டு வாங்குவார்கள். பட்டியலில் ஏறினால் நிகழ்ச்சி தானாகக் கூப்பிடுமே.

தொண்ணூறுகளில் பாட்டுகள் நேராக உச்சியில் நுழைந்து அடுத்த வாரமே சரியத் தொடங்கின, ஏறுகிற பாட்டு என்பதே அபூர்வமாகிவிட்டது. வெளிவராத பாட்டுகளைக்கூட 'எக்ஸ்க்ளூசிவ்' என்று காட்டினார்கள். 2006 ஜூலை 30-உடன் வாராந்திர நிகழ்ச்சி நின்றது.

நீங்கள் எழுபதுகளின் நிகழ்ச்சிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அதிகாரபூர்வப் பட்டியல் தளத்தில் பழைய வாரங்கள் எல்லாம் கிடைக்கின்றன. ஒளிபரப்பான வாரத்தையும் முந்தின வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாரை ஏன் விட்டார்கள் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிடிபடாதது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.