"இந்த மெயில்கள் வேண்டாம்" என்றால் எந்த மெயில்கள்?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரே நிறுவனத்தின் கீழ் புடவைக் கடை, பலகாரக் கடை இரண்டையும் ஆன்லைனில் நடத்துகிறேன். புடவைத் தள்ளுபடி மெயிலுக்கு ஒரு வாடிக்கையாளர், "இந்த மெயில்களை இனி அனுப்பாதீர்கள்" என்று பதில் எழுதினார். பலகார விளம்பரத்தை அவருக்கு அனுப்பலாம் என்கிறார் என் கூட்டாளி. அது சரியா?

பதில்: அனுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் கூட்டாளியின் வாதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். வணிக மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டம், இனி அனுப்ப வேண்டாம் என்ற விலகல் கோரிக்கை வந்து 10 வேலை நாட்களுக்குப் பிறகு, "அக்கோரிக்கையின் வரம்புக்குள் வரும்" வணிக மின்னஞ்சலை அனுப்பக் கூடாது என்கிறது. ஒற்றை வரியில் வந்த கோரிக்கையின் வரம்பை எப்படி அளப்பது என்று அது சொல்லவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலை நீங்கள் தரலாம்; ஆனால் "எதுவுமே வேண்டாம்" என்ற தேர்வும் அதில் இருந்தாக வேண்டும். வகை பிரிக்கும் உரிமை பெறுநருடையது என்பதே இதன் பொருள் என நான் கருதுகிறேன். அத்தகைய பட்டியல் எதையும் தராத நீங்கள், அவர் எழுதிய "இந்த" என்ற ஒரு சொல்லைக் கொண்டு பின்னர் வகை பிரிப்பது நியாயமாகாது.

தனித் தொழிற்பிரிவைத் தனி அனுப்புநராகக் கருதும் விதி ஒன்றும் உண்டு. அதற்கு, மெயில் முழுவதிலும் அந்தப் பிரிவு தன் பெயரிலேயே தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் கேள்வியுடன் இணைத்த புடவை மெயிலின் நகலில் மேலே புடவைக் கடையின் லோகோ இருக்கிறது. அனுப்புநர் பெயரும் அடியிலுள்ள முகவரியும் தாய் நிறுவனத்துடையவை. ஆகவே அந்த விதி உங்களுக்கு உதவாது.

எந்த மெயிலைச் சொன்னீர்கள் என்று கேட்டு லாகின் பக்கத்துக்கு அவரை அனுப்பவும் வேண்டாம். மின்னஞ்சல் முகவரியையும் விருப்பத் தேர்வையும் தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது, பதில் மெயில் அல்லது ஒரே ஒரு இணையப் பக்கத்துக்கு மேல் படிகள் வைக்கக் கூடாது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008-இல் விதித்துள்ளது. மீறும் ஒவ்வொரு மெயிலுக்கும் அபராதம் 2025 நிலவரப்படி 53,088 டாலர் வரை போகலாம்.

அவர் வாங்கிய பொருளின் ரசீதையும் பார்சல் விவரத்தையும் தாராளமாக அனுப்பலாம். அவை விளம்பரம் அல்ல. விளம்பரத்தைப் பொறுத்தவரை, 10 வேலை நாள் என்பது உச்சவரம்புதான். அவர் முகவரியை இரண்டு கடைகளின் பட்டியலிலிருந்தும் இன்றே நீக்கிவிடுங்கள்.